ஓட்டுப் போடாதவருக்கு அபராதம் போடலாமா?

கரிசல்மண்: ஆஸ்திரேலியாவில் 1922 தேர்தலில் 60 விழுக்காட்டினர்கூட ஓட்டுப் போடவில்லை. 1924இல் கட்டாயமாக்கினார்கள். அடுத்த ஆண்டே 90 விழுக்காட்டைத் தாண்டியது. தகுந்த காரணமில்லாமல் வராதவருக்கு இன்றும் 20 டாலர் அபராதம். இங்கே சம்பளத்தோடு லீவு விட்டால் கொடைக்கானலுக்குக் கிளம்புகிறார்கள். ஓட்டு ஒரு கடமை. தவறியவர் பதில் சொல்லத்தான் வேண்டும்.

நொய்யல்: அண்ணா, கொடைக்கானல் போகிறவரை விடுங்கள். நான் திருப்பூரில் பனியன் கம்பெனி சூப்பர்வைசர். 2024இல் எங்களுக்கு ஏப்ரல் 19 ஓட்டு, லீவும் கிடைத்தது. எங்கள் லைனில் தைக்கும் ஒடிசாப் பையனுக்கு ஊரில் மே 25. போக வர ரயிலிலேயே மூன்று நாள் போய்விடும், சம்பளமும் கிடையாது. வாக்காளர் அட்டையைப் பிளாஸ்டிக் உறையில் போட்டு, மடங்காமல் பெட்டிக்கு அடியில் வைத்திருக்கிறான். அன்று முழுக்க ஓவர்லாக் மிஷினில் உட்கார்ந்திருந்தான். அபராதம் அவனுக்குமா?

கரிசல்மண்: படிவம் 8 கொடுத்துத் திருப்பூருக்கே பெயரை மாற்றிக்கொள்ளலாமே?

நொய்யல்: லைன் வீட்டுக்காரர் வாடகை ஒப்பந்தம் எழுதித் தர மறுக்கிறார். அப்புறம், அவன் அம்மா, நிலம், ரேஷன் எல்லாம் அங்கேதான். ஊருக்கு ரோடு வருமா என்பதுதான் அவன் கவலை. ஆஸ்திரேலியாவில் சனிக்கிழமைதான் தேர்தல். வேறு மாநிலத்தில் இருந்தாலும் அங்கிருந்தே போடலாம், முன்கூட்டியும் போடலாம், தபாலிலும் போடலாம். 2023 ஜனவரியில் நம் தேர்தல் ஆணையம் கட்சிகளைக் கூப்பிட்டுப் பேசிய, இருக்கும் ஊரிலிருந்தே சொந்த ஊர் ஓட்டைப் போடும் தொலைதூர வாக்கு இயந்திரம் 2024 தேர்தலுக்கு வரவே இல்லை.

தாமரைக்கேணி: உரிமை என்று எல்லாருக்கும் அள்ளிக் கொடுத்ததால்தான் ஓட்டுக்கு விலை பேசுகிறார்கள். கொஞ்சமாவது படித்தவருக்கு மட்டும் கொடுத்தால் மதிப்பு தெரியும்.

நொய்யல்: அப்படித்தான் வைத்திருந்தார்கள். வெள்ளைக்காரன் காலத்தில் மதராஸ் மாகாணத்தில் சொத்தும் வரி ரசீதும் இருந்தவர்களுக்குத்தான் பெரும்பாலும் ஓட்டு. பண்ணையாருக்கு இருந்தது, அவர் வயலில் நாற்று நட்ட என் கொள்ளுப்பாட்டிக்கு இல்லை. 1952இல்தான் அவள் விரலில் மை பட்டது. அவளுக்குக் கையெழுத்துப் போடத் தெரியாது. யார் கூலி குறைத்தார்கள் என்பது நன்றாகத் தெரியும்.

மதுரை வக்கீல்: இன்றும் இது முழு உரிமை இல்லை, சட்டம் கொடுத்த உரிமை என்றுதான் உச்ச நீதிமன்றம் பல தீர்ப்புகளில் சொல்லியிருக்கிறது. 1951 மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம், பிரிவு 62(5): சிறையில் இருப்பவர் ஓட்டுப் போட முடியாது. குற்றம் நிரூபிக்கப்படாத விசாரணைக் கைதிக்கும் இதே கதிதான். ஆனால் தேர்தலில் நிற்கலாம்! 2024இல் பாராமுல்லா தொகுதியில் ஒருவர் திகார் சிறையில் இருந்தபடியே ஜெயித்தார். ஜாமீனுக்குப் பணம் கட்ட வழியில்லாமல் உள்ளே கிடப்பவரின் ஓட்டைப் பறித்துக்கொள்ளும் அரசு, வெளியே இருப்பவரிடம் கடமை பற்றிப் பேசுவது எனக்கு ஒப்பவில்லை.

கரிசல்மண்: கைதி விஷயம் எனக்குத் தெரியாது மேடம், அது அநியாயம். நொய்யல் தம்பி, அந்தப் பையன் இருக்கும் இடத்துக்கு முதலில் இயந்திரம் வரட்டும், சரி. அதற்குப் பிறகும் வராதவருக்கு அபராதம் என்பதில் நான் மாறவில்லை.

நொய்யல்: இயந்திரம் வந்தால் வரிசையில் முதலில் நிற்பது அவன்தான் அண்ணா.