4625இல் கேட்கிற இரைச்சல் ரஷ்யாவா, எங்கள் வீடா?

கொக்குவில்_வளவு:
வணக்கம். மச்சான் கனடாவில் இருந்து வரும்போது டெக்சன் பிஎல்-330 றேடியோ ஒன்று கொண்டுவந்து தந்தார். இரண்டு சந்தேகம்.

4625 கிலோஹேர்ட்ஸில் ரஷ்ய இராணுவத்தின் ‘பசர்’ என்ற, ஊதல் ஒலிக்கும் மர்ம வானொலி நிலையம் கேட்கும் என்று வாசித்துவிட்டு, இரவு ஏழரைக்குப் போட்டுப் பார்த்தேன். ‘ர்ர்ர்’ என்று பலத்த இரைச்சல். மூன்று இரவாக அதே சத்தம். இதுதானா அது?

மற்றது, 11175இல் யாரோ கதைப்பது தெரிகிறது. ஆனால் தாரா கத்துவது போல இருக்கிறது, ஒரு சொல்லும் பிடிபடவில்லை. றேடியோவில் பிழையா? மாமரத்தில் அன்ரனா வயர் இழுத்துப் பார்க்கலாம் என்றால் அம்மா விடமாட்டாவாம். ‘ஆமி வந்து என்ன வயர் எண்டு கேட்டால் நீயே பதில் சொல்லு’ என்கிறா.

முனைக்காற்று:
சத்தம் தொடர்ந்து வருகிறதா, விட்டு விட்டா? பசர் விடாமல் இரையாது. ஒரு விநாடிக்குச் சற்றுக் கூடுதலாக ஊதும், கிட்டத்தட்ட அதே நேரம் நிற்கும், திரும்ப ஊதும். நிமிடத்துக்கு ஏறக்குறைய 25 தரம். மணிக்கூட்டைப் பார்த்து எண்ணுங்கள்.

நேரமும் இடிக்கிறது. நமக்கு ஏழரை என்றால் மொஸ்கோவில் மாலை ஐந்து, இந்த மாதத்தில் அங்கே நல்ல வெயில். 4 மெகாஹேர்ட்ஸ் அலையைப் பகலில் அயனமண்டலத்தின் (வானொலி அலையைத் திருப்பி அனுப்பும் வானத்து மேலடுக்கு) கீழ் அடுக்கு குடித்துவிடும். 6000 கிலோமீற்றருக்கு மேல் வரவேண்டும் என்றால் இரண்டு பக்கமும் இருட்டாக இருக்க வேண்டும். நடுச்சாமம் கழியப் பாருங்கள்.

அதற்கு முன் ஒரு சோதனை. சார்ஜரைக் கழற்றி, றேடியோவைப் பற்றரியில் விட்டு, வீட்டு மெயின் சுவிட்சை நிறுத்துங்கள். இரைச்சலும் நின்றால் அது ரஷ்யா இல்லை.

கொக்குவில்_வளவு:
தொடர்ந்துதான் அண்ணை வருகிறது. அப்ப பசர் இல்லையா, யூவிபி-76 என்றும் சொல்வார்களே, அது?

முனைக்காற்று:
அது பழைய அழைப்புப் பெயரைப் பிழையாகக் கேட்டு வந்தது, சரியானது யூஇசட்பி-76. அதையும் 2010இல் மாற்றிவிட்டார்கள். ஆட்கள் இன்னும் அப்படித்தான் சொல்கிறார்கள். எனக்குப் பிடித்த விசயம் வேறு. அந்த ஊதலை ஒலிவாங்கிக்கு முன்னால் ஒரு கருவியை வைத்து எடுக்கிறார்களாம். 2001 நவம்பரில் ஊதலுக்குப் பின்னால் ரஷ்ய மொழியில் ஆட்கள் கதைத்தது கேட்டிருக்கிறது. இவ்வளவு இரகசியத்துக்குள்ளேயும் ஒலிவாங்கியை மூட மறந்திருக்கிறார்கள்!

பழைய_டைனமோ:
தம்பி, தாரா கத்தினால் றேடியோ நல்லாத்தான் இருக்கு. எஸ்எஸ்பி (ஒற்றைப் பக்கப்பட்டை) பட்டனை அழுத்தி யூஎஸ்பியில் (மேல் பக்கப்பட்டை) வைத்து, குமிழை மெல்ல மெல்லத் திருப்புங்கோ. ஒற்றைப் பக்கப்பட்டை அலையில் ஊர்தி அலையை (பேச்சைச் சுமக்கும் அலை) அனுப்பமாட்டார்கள், அதை உங்கட றேடியோதான் உண்டாக்க வேண்டும். ஒரு இடத்தில் தாரா மனிசனாகிவிடும்.

11175 அமெரிக்க விமானப்படையின் உலகளாவிய வலையமைப்பு. அதன் நிலையங்களில் ஒன்று இந்து சமுத்திரத் தீவான டியேகோ கார்சியாவில், எங்களுக்குத் தெற்கே ஏறக்குறைய 2000 கிலோமீற்றரில் இருக்கிறது. ‘அல்ஃபா, நவெம்பர்’ என்று எழுத்து எழுத்தாக வாசிப்பார்கள். முதல் ஆறு எழுத்தை மூன்று தரம் சொல்லிவிட்டுச் செய்திக்குப் போவார்கள். கேட்கலாம், ஆனால் என்னவென்று விளங்காது. அதற்காக மண்டையை உடைக்காதேங்கோ.

அம்மாவைப் பேசாதேங்கோ. தொண்ணூறுகளில் போர் நேரம் யாழ்ப்பாணத்துக்குப் பற்றரி கொண்டுவரத் தடை. சைக்கிளைக் கவிழ்த்து வைத்துப் பெடலைச் சுத்தி, டைனமோவில் பிபிசி தமிழோசை கேட்ட ஆக்கள் நாங்கள். கை ஓய்ந்தால் செய்தியும் ஓய்ந்துவிடும். வயர் என்றால் அந்தத் தலைமுறைக்கு இன்னும் நெஞ்சு இடிக்கும். உடுப்புக் காயப்போடுகிற கொடிக்கம்பி இருக்குத்தானே? இரண்டு அந்தமும் நைலோன் கயிற்றில் கட்டியிருந்தால் அதிலேயே அன்ரனா வயரின் கிளிப்பைக் கொளுவுங்கோ. கொடியை ஒருத்தரும் கேள்வி கேட்கமாட்டார்கள். மழை இருட்டினால் கழற்றிவிட வேணும்.

கொக்குவில்_வளவு:
இரண்டு நாளாகப் பார்த்தேன். மெயினை நிறுத்தினதும் சத்தம் போய்விட்டது! ஒவ்வொரு சுவிட்சாகத் திரும்பப் போட்டேன். சாமி அறையில் பிள்ளையார் படத்தைச் சுற்றிப் போட்ட எல்ஈடி மாலை, அதுதான் ஆள். கழற்றியதும் 4625இல் வெறும் ‘ஸ்’ மட்டும்.

இரவு இரண்டரைக்குக் கொடியில் கொளுவிவிட்டு இருந்தேன். மிக மெல்லிய ஊதல், சிலநேரம் மறைந்து திரும்ப வந்தது. ஒரு நிமிடத்துக்கு 24 எண்ணினேன். மயிர் கூச்செறிந்தது, உண்மையாக. 11175இல் தாராவும் மனிசனாகிவிட்டது.

அம்மா விடியக் கிளிப்பைக் கண்டுவிட்டா. பேசவில்லை, ஈரச் சாரத்தை அதற்கு மேலேயே போட்டுவிட்டுப் போயிட்டா. அதால் சிக்னல் குறையுமா?

பழைய_டைனமோ:
சாரம் ஒன்றும் செய்யாது. கம்பி துருப்பிடித்திருக்கா என்று பாருங்கோ. முடிச்சில் துரு இருந்தால் காற்றடிக்கக் கரகரக்கும். அந்த இடத்தை அரத்தாளால் உரஞ்சிவிட்டுக் கொளுவுங்கோ.