கறிவேப்பிலை செடி மஞ்சளாகுது, வளரவும் மாட்டேங்குது (சிங்கப்பூர், எச்டிபி அரசாங்க அடுக்குமாடி வீட்டு காரிடார், வடக்கு பக்கம்)

ஈசூன்_மீனா
வணக்கம். என் கறிவேப்பிலை செடிக்கு என்ன ஆச்சுன்னு யாராவது சொல்லுங்களேன், ரெண்டு மாசமா பாத்து பாத்து மனசே சரியில்ல. இது கடையில வாங்கினது இல்ல, எதிர்வீட்டு பாட்டி அவங்க தொட்டியில வேர்ல இருந்து முளைச்ச கன்னை பிரிச்சு கொடுத்தது, மூணு வருஷம் ஆச்சு. பாட்டி போன வருஷம் தவறிட்டாங்க, வீட்டை காலி பண்றப்போ அவங்க தாய்ச்செடியும் போயிடுச்சு, இருக்கிறது இது ஒண்ணுதான்.

தீபாவளி வரைக்கும் நல்லா இருந்துச்சு, ரசத்துக்கு தாளிக்க கொத்தா பறிப்பேன். அதுக்கப்புறம் ஒரு இன்ச் கூட ஏறல. புதுசா வர்ற தளிர் எலுமிச்சம்பழ கலர்ல வருது, நரம்பு மட்டும் பச்சையா கோடு கோடா தெரியுது, இலை சுண்டுவிரல் நகத்துக்கு மேல பெருசாகல. அடி இலை தொட்டாலே உதிருது.

ஏழாவது மாடி, பிளாஸ்டிக் தொட்டி, கீழ தட்டு வச்சிருக்கேன். தினமும் வேலை முடிஞ்சு வந்து ராத்திரி ஒரு சொம்பு தண்ணி ஊத்துவேன். ஒரு நர்சரியில போட்டோ காட்டினேன், சத்து பத்தலன்னு சொல்லி 15-15-15 உரம் (தழை, மணி, சாம்பல் சத்து மூணும் சமமா இருக்கிறது) கொடுத்தாங்க, வாரம் ஒரு ஸ்பூன் போட்டேன், கூட முட்டை ஓடு, அரிசி கழுவின தண்ணி, புளிச்ச மோர் எல்லாம் போட்டாச்சு. இப்ப மண்ணு மேல வெள்ளையா உப்பு பூத்த மாதிரி இருக்கு. இன்னும் என்ன போடணும்?

தேக்கா_ராணி
மோரை விடாதீங்க மா, தண்ணியா கரைச்சு வாரம் ஒரு தடவை ஊத்துங்க. என் செடி ஆளுயரம் நிக்குது, நான் வேற எதுவுமே போடறதில்ல.

மண்வெட்டி_செல்வம்
மீனா, இனிமே தயவுசெஞ்சு எதுவும் போடாதீங்க. பசியில இருக்கிற செடி வேற, சாப்பிட முடியாம இருக்கிற செடி வேற, உங்களோடது ரெண்டாவது.

எந்த இலை மொதல்ல மஞ்சளாச்சுன்னு பாக்கணும். தழைச்சத்து, அதாவது நைட்ரஜன், செடிக்குள்ள நகரும், பத்தலன்னா பழைய இலையில இருந்து உருவி தளிருக்கு கொடுத்துடும், அதனால அடி இலைதான் மொதல்ல முழுசா மஞ்சளாகும். மெக்னீசியம் குறைஞ்சாலும் அடி இலைதான், ஆனா நரம்பை விட்டுட்டு நடுவுல மட்டும் வெளுக்கும். இரும்புச்சத்து அப்படி நகராது, அது கிடைக்கலன்னா தளிர்லதான் தெரியும், நீங்க சொன்ன மாதிரியே இலை மஞ்சள், நரம்பு பச்சை. மண்ணுல இரும்பே இல்லன்னு அர்த்தம் இல்ல, வேர் எடுக்க முடியல. எப்பவும் சொதசொதன்னு ஈரமா இருந்தா வேருக்கு காத்து கிடைக்காது, காத்து இல்லாத வேர் சத்தை இழுக்காது. மண்ணு சுண்ணாம்பு பக்கம் போனாலும் இதே கதைதான், அதனால முட்டை ஓட்டையும் நிறுத்துங்க. மேல பூத்திருக்கிற வெள்ளை உரத்தோட உப்பு, அதுவும் வேரை சுடும். ராணி அக்கா சொல்ற மோர் நல்லா இருக்கிற செடிக்கு சரி, மூச்சு முட்டி நிக்கிற செடிக்கு அதுவும் சுமை.

இன்னொண்ணு, தீபாவளிக்கு அப்புறம்தான் நின்னுச்சுன்னு சொன்னீங்க, அது சும்மா இல்ல. நம்ம ஊரு பூமத்திய ரேகைக்கு ஒரு டிகிரி சொச்சம் வடக்கால இருக்கு. மார்ச் கடைசியில இருந்து செப்டம்பர் வரைக்கும் சூரியன் வடக்கு பக்கம் போகும், அப்ப உங்க காரிடார்ல வெயில் விழும். செப்டம்பர் கடைசிக்கு மேல தெக்கால சாஞ்சிடும், உங்க பக்கம் நேர் வெயிலே கிடையாது. அதோட டிசம்பர், ஜனவரியில வடகிழக்கு பருவமழை, வானம் மூடியே கிடக்கும். வெயில் இல்லன்னா செடி தண்ணி குடிக்கிறது கொறஞ்சிடும், நீங்க அதே சொம்பு ஊத்தியிருக்கீங்க.

தொட்டியை சாய்ச்சு செடியை மண்ணோட மெதுவா வெளிய எடுத்து வேர் எப்படி இருக்குன்னு சொல்லுங்க. வாசனையும் பாருங்க.

ஈசூன்_மீனா
அண்ணே, இப்பதான் எடுத்தேன், கை நடுங்குது. சாக்கடை வாடை அடிக்குது. கீழ வேர் பழுப்பா இருக்கு, ரெண்டு விரல்ல புடிச்சு இழுத்தா தோல் உறை மாதிரி கழண்டு உள்ள நூல் மட்டும் நிக்குது. தொட்டியோட அடியில வேர் பாய் முடைஞ்ச மாதிரி சுத்தி சுத்தி கெடக்கு, ஓட்டை ரெண்டும் அடைச்சிருக்கு. மேல் பக்கம் மட்டும் கொஞ்சம் வெள்ளை வேர் இருக்கு. பொழைக்குமா?

மண்வெட்டி_செல்வம்
வெள்ளை வேர் இருக்குல்ல, பொழைக்கும். அழுகினதை மட்டும் சுத்தமான கத்தரியால வெட்டி எடுங்க, பாய் மாதிரி சுத்தினதை அடியில ஒரு இன்ச் சீவிடுங்க, மத்த வேரை கலைக்காதீங்க. தொட்டி ரொம்ப பெருசா போகாதீங்க, பெரிய தொட்டியில ஈரம் காயாது. கடையில வாங்கற மண்ணு ரெண்டு பங்குன்னா சுட்ட மண் துண்டோ பெர்லைட்டோ (வெள்ளையா, லேசா இருக்கிற பொரிஞ்ச கல்லு) ஒரு பங்கு கலந்துக்கோங்க. வெறும் தென்னைநார் தூள்ல வைக்காதீங்க, இந்த மழைக்கு அது காயவே காயாது.

தளிருக்கு அன்னபேதி, அதாவது இரும்பு சல்பேட், லிட்டர் தண்ணிக்கு 2 கிராம், ரெண்டு சொட்டு எலுமிச்சை சாறு விட்டு சாயந்திரமா இலையில அடிங்க, பத்து நாள் விட்டு இன்னொரு தடவை. கீழ பழைய பேப்பர் விரிச்சுக்கோங்க, காரிடார் தரையில சொட்டினா துரு கறை போகாது. மண்ணுக்கு உரம் ரெண்டு மாசத்துக்கு வேண்டாம். மஞ்சளா போன இலை பழையபடி முழுசா மாறாது, அதுக்கப்புறம் வர்ற தளிரைத்தான் பாக்கணும்.

தண்ணிக்கு நேரம் காலம் வச்சுக்காதீங்க. விரலை ரெண்டு கணு உள்ள விடுங்க, காஞ்சிருந்தா மட்டும் ஊத்துங்க.

பாத்தோக்_அக்கா
மீனா, அந்த தட்டையும் எடுத்துடுங்க பா. வேருக்கு கெடுதல்ங்கறது ஒரு பக்கம், தேங்குற தண்ணியில ஏடிஸ் கொசு முட்டை வைக்கும், எங்க புளோக்ல டெங்கி வந்து ஒரு சின்ன பையன் ஒரு வாரம் ஆஸ்பத்திரியில கெடந்தான், அதிலிருந்து நான் தட்டே வைக்கறதில்ல.

உங்க வீட்டுக்கு தெக்கு பக்கம் ஜன்னல் இருக்கா? துணி காயப்போடற பக்கம் தெக்கா இருந்தா மார்ச் வரைக்கும் உள்ள ஒரு முக்காலி போட்டு வைங்க, ஜன்னல் விளிம்புல வேண்டாம், விழுந்தா கீழ போறவங்க உயிருக்கு ஆபத்து. திரும்ப காரிடாருக்கு கொண்டு வர்றப்போ நடக்கிறதுக்கு 1.2 மீட்டர் வழி விட்டு வைக்கணும். இலையை திருப்பியும் பாருங்க, நடுநரம்பு ஓரமா பழுப்பு பொட்டு ஒட்டிட்டு இருந்தா அது செதில் பூச்சி, பழைய டூத் பிரஷ்ல சோப்பு தண்ணி தொட்டு தேச்சா போயிடும்.

ஈசூன்_மீனா
அஞ்சு வாரம் ஆச்சு, எல்லாருக்கும் சொல்லிடலாம்னு வந்தேன். செடியை சமையலறை ஜன்னல் பக்கம் மாத்தினேன், காலையில பத்து மணியில இருந்து ரெண்டு மணி வரைக்கும் வெயில். முதல் மூணு வாரம் இருந்த இலையும் கொட்டிடுச்சு, வெறும் குச்சி, அழுகையா வந்துச்சு, ஆனா எதுவும் போடல, விரலை விட்டு பாத்து நாலு நாளைக்கு ஒரு தடவைதான் தண்ணி. போன வாரம் கணுவுல செம்பு கலர்ல ஒரு புள்ளி, இன்னிக்கு அது ஏழு இலையா விரிஞ்சிருக்கு, பச்சை. கிள்ளி மோந்து பாத்தேன், பாட்டி வீட்டு வாசனை. எப்ப இருந்து பறிக்கலாம் அண்ணே?

மண்வெட்டி_செல்வம்
ரொம்ப சந்தோஷம் மா. இப்ப தொடாதீங்க, அந்த ஏழு இலைதான் வேருக்கு சோறு போடுது. நாலஞ்சு கிளையில இலை நெறைஞ்சதும், இலை இலையா உருவாம நுனி தண்டோட சேத்து வெட்டுங்க, வெட்டின எடத்துல ரெண்டா கிளைக்கும். மண்ணுல எப்பவாவது பக்கக்கன்னு எட்டி பாத்தா பிரிச்சு வேற தொட்டியில ஒண்ணு வச்சிடுங்க, ஒரே செடியை நம்பி இருக்க வேண்டாம்.