‘ஒருங்கொதுக்கீடு’: சேமிப்பக இயக்கிகளுக்கு ஒரு கலைச்சொல்

அன்புடையீர்,

எல்லா இயக்கிகளுக்கும் (சாதனத்தை இயக்கும் நிரல், driver) பொதுவான சாதனக் கட்டமைப்பையும் (தரவுத் தொகுப்பு, struct) ஓர் இயக்கியின் சொந்தத் தரவையும் ஒரே நினைவகத் துண்டாகப் பெறும் முறைக்கு ‘ஒற்றை ஒதுக்கீடு’, ‘கூட்டு ஒதுக்கீடு’ என்னும் இரு சொற்கள் முன்வைக்கப்பட்டுள்ளன. முன்னது ஒருமுறை மட்டும் நிகழ்வது என்றும், பின்னது பலர் சேர்ந்து பெறுவது என்றும் பொருள்பட இடம் தருவதால், ‘ஒருங்கொதுக்கீடு’ என்பதைப் பரிந்துரைக்கிறேன்.

லினக்ஸ் இயங்குதளத்தின் கருவான கர்னலில் சேமிப்பகச் சாதனங்களைக் கையாளும் ஸ்கஸி (SCSI) அடுக்கில், ஹோஸ்ட் கட்டமைப்பை (இணைப்பு அட்டையைக் குறிக்கும் பொதுக் கட்டமைப்பு) கேட்கும்போதே தனக்கு எத்தனை பைட் கூடுதலாக வேண்டும் என்பதை இயக்கி சொல்லிவிட்டால், அந்த இடம் கட்டமைப்பின் வாலிலேயே சேர்ந்து வந்துவிடும். இவ்வசதியைப் பயன்படுத்தாத இயக்கி இரண்டு முறை நினைவகம் கேட்க வேண்டும். இரண்டாவது கிடைக்காவிட்டால் பிழைவழியில் (பிழை நேர்ந்தால் மட்டும் ஓடும் நிரல்பகுதி) முதலாவதை மறக்காமல் விடுவிக்க வேண்டும். பெரும்பாலான நினைவகக் கசிவுகள் (விடுவிக்க மறந்து வீணாகும் நினைவகம்) யாரும் ஓட்டிப் பார்க்காத அந்தப் பிழைவழியில்தான் ஒளிந்திருக்கின்றன என்பது என் எண்ணம். இதைவிட முக்கியமானது ஆயுட்காலம்: சாதனம் கழற்றப்பட்ட பின்பும் எவரேனும் அதன் சாதனக் கோப்பைத் திறந்து வைத்திருந்தால் பொதுக் கட்டமைப்பு உயிரோடிருக்கும், சொந்தத் தரவு தனித் துண்டாக இருந்து முன்னதாகவே விடுவிக்கப்பட்டிருந்தால், அதன்பின் அதை நாடும் நிரல் செத்த நினைவகத்தைத் தொடும்.

இந்த முறைக்கும் விலை உண்டு. கர்னலில் நினைவகம் பிரித்துத் தரும் பொது ஒதுக்கி, இரண்டும் சேர்ந்த அளவு 1,024 பைட்டைச் சற்றே தாண்டினாலும் வழக்கமாக 2,048 பைட் துண்டையே எடுத்துத் தரும்; மீதி வீணாகும்.

சொல்லின் எல்லையையும் வரையறுத்துவிடுவது நல்லது. 2021இல் வெளிவந்த கர்னலின் 5.14 பதிப்பு, வட்டுக் கட்டமைப்பையும் கோரிக்கை வரிசையையும் (வட்டுக்கான படிப்பு, எழுத்துக் கோரிக்கைகள் சேரும் வரிசை) ஒரே அழைப்பில் உருவாக்கித் தரும் செயற்கூறைக் கொண்டுவந்தது. ஆயினும் நினைவகத்தில் அவை தனித்தனித் துண்டுகளே ஆதலால் அதனை ஒருங்கொதுக்கீடு என்னலாகாது. இயக்கி சாதனத்தை விட்டுப் பிரிகையில் தானாகவே விடுபடும் ஒதுக்கீடும் இதில் அடங்காது. அது எப்போது விடுவிப்பது என்பதைப் பற்றியது, எங்கே வைப்பது என்பதைப் பற்றியதன்று.

வினையாக ‘ஒருங்கொதுக்கு’ என்றே ஆளலாம். விடுவிப்புக்கு வேறு சொல் தேவைப்படாது. கடைசிச் சுட்டு (கட்டமைப்பைப் பயன்படுத்துவோரின் பிடி, reference) நீங்கியதும் இரண்டும் சேர்ந்தே விடுபடுகின்றன.