புதுப்பிப்பு: ராணிப்பேட்டையில் வேலை கிடைத்துவிட்டது

'கடின உழைப்பாளி, நேரம் தவறாதவர்' என்று ரெஸ்யூமில் எழுதியும் யாரும் கண்டுகொள்ளவில்லையே, இதையெல்லாம் எப்படித்தான் காட்டுவது என்று முன்பு கேட்டிருந்தேன் இல்லையா, அதன் தொடர்ச்சி இது. அந்த வார்த்தைகளைத் தூக்கிவிடச் சொன்னீர்கள், தூக்கிவிட்டேன். பதிலுக்கு, ஆம்பூரில் ஷூ கம்பெனியில் செக்கிங்கில் இருந்தபோது இடது, வலது ஜோடியில் தோல் நிறம் லேசாக மாறினாலும் பேக்கிங்குக்குப் போகும் முன்பே பிரித்து வைத்ததையும், அது எந்த லாட்டிலிருந்து வருகிறது என்று நோட்டில் குறித்து சூப்பர்வைசரிடம் காட்டியதையும் இரண்டே வரியில் எழுதினேன். ராணிப்பேட்டை சிப்காட் தொழிற்பேட்டையில் நடந்த இன்டர்வியூவில் மேனேஜர் மற்றதையெல்லாம் விட்டுவிட்டு அதைத்தான் துருவித் துருவிக் கேட்டார். பழைய சூப்பர்வைசரிடம் முன்கூட்டியே சொல்லிவிட்டு அவர் நம்பரையும் கொடுத்திருந்தேன், மேனேஜர் அங்கேயே அவருக்குப் போன் போட்டுப் பேசினார்.

நேரம் தவறாமை பற்றி வாயே திறக்கவில்லை. காட்பாடியிலிருந்து முந்தின பஸ்ஸைப் பிடித்துப் போனேன், கேட் ரிஜிஸ்டரில் நேரம் பதிவாகிவிட்டது, அவ்வளவுதான்.

பலவீனம் கேட்டால் 'அளவுக்கு மீறி உழைப்பேன்' என்று சொல்லச் சொன்ன நண்பருக்கு மட்டும் ஒரு பெரிய கும்பிடு! எக்செல் அரைகுறை, கற்றுக்கொண்டிருக்கிறேன் என்றுதான் சொன்னேன். சம்பளம் கொஞ்சம் குறைவு, சரி, கம்பெனி பஸ் உண்டு. திங்கட்கிழமை சேர்கிறேன்.