சமூகப்பணியா, உளவியலா, சமூகவியலா? முடிவெடுக்க உதவுங்கள்

அண்ணாமார், அக்காமார், நான் திருகோணமலை, வயது 21. உயர்தரம் கலைப்பிரிவில் சித்தியடைந்துவிட்டேன். அடுத்து சமூகப்பணியா, உளவியலா, சமூகவியலா என்று மூன்று மாதமாக ஒரு முடிவுக்கும் வர முடியவில்லை, வீட்டில் இந்த மாதத்துக்குள் பதில் கேட்கிறார்கள்.

குச்சவெளிப் பக்கம் ஒரு மாலை வகுப்பில் ஒரு வருடமாகச் சின்னப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக் கொடுக்கிறேன். அதில் ஒரு பொடியன், தகப்பன் கடலோடு போனதிலிருந்து வாயே திறப்பதில்லை, கொப்பியின் கடைசிப் பக்கம் முழுக்க ஒரே தோணியைத்தான் கீறிக்கொண்டிருப்பான். அவன் பக்கத்தில் இருந்து பேசவைக்க வேண்டும் என்று மனம் கிடந்து அடிக்கிறது. ஆனால் அவன் தாய்க்கு உதவிப்பணம் எடுக்கப் பிரதேச செயலகத்துக்கு அலைந்த நாட்களில் இதுதான் என் வேலை என்றும் தோன்றியது.

விசாரித்த மட்டில், சமூகப்பணிப் பட்டம் சீதுவையில் இருக்கும் தேசிய சமூக அபிவிருத்தி நிறுவகத்தில் 4 வருடம், களப்பயிற்சியும் உண்டு. சமூகவியல் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் இருக்கிறது, ஆனால் அது ஆய்வுப் பக்கம்தான் கூட. உளவியல் படித்துச் சிகிச்சை கொடுக்க முதல் பட்டம் போதாது, அப்புறம் முதுநிலைப் பயிற்சியும் வேண்டும், அவ்வளவு காலம் வீடு தாங்காது. படிப்பித்த டீச்சரிடமும் ஒரு சமூக சேவை உத்தியோகத்தரிடமும் கேட்டேன், ஆளுக்கொரு பதில்.

பிள்ளைகளோடு நேரடியாக வேலை செய்ய வேண்டும், 4 வருடத்தில் சம்பளமும் வர வேண்டும் என்றால், இந்தத் துறைகளில் இருக்கிற நீங்கள் எதை முதலில் படிக்கச் சொல்வீர்கள்?