புதுப்பிப்பு: பூவெளியில் குதிரை, நீர்வண்ணத்தில் கனவுத் தோற்றம்

நீர்வண்ணத்தில் தீட்டிய குதிரை, பூத்த புல்வெளியோடு சேராமல் கத்தரித்து ஒட்டியதுபோல் தெரிகிறது, கனவுத்தன்மையை எப்படிக் கொண்டுவருவது என்று முன்பு கேட்டிருந்தேன். பதில் எழுதிய அனைவருக்கும் நன்றி.

குதிரையையும் பின்னணியையும் தனித்தனியாகத் தீட்டாமல், ஈரத்தின் மேல் ஈரமாக (நனைந்த தாளிலேயே ஈர வண்ணத்தை இட்டு) ஒன்றாகவே தொடங்கச் சொன்ன யோசனைதான் பலித்தது. 300 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு 300 கிராம் எடையுள்ள) தடித்த பருத்தித் தாளை இருபுறமும் நனைத்துப் பலகையில் படியவிட்டு, அல்ட்ராமரைன் நீலமும் பர்ன்ட் சியன்னா என்ற செம்பழுப்பும் கலந்த ஒரே சாம்பல் நிறத்தைத் தொலைவு மரங்களுக்கும் குதிரையின் வயிற்று நிழலுக்கும் இட்டேன். கண், நாசி, காதுமடல் ஆகியவற்றை மட்டும் தாள் நன்கு காய்ந்தபின் கூர்மையாக வரைந்தேன். முழங்காலுக்குக் கீழே கால்களை வரையவே இல்லை, அவை பூக்களுக்குள் கரைந்துவிடுகின்றன. பிடரியின் விளிம்பில் ஈரத் தூரிகையால் வண்ணத்தைத் தேய்த்து எடுத்ததும், பின்னாலிருந்து வெயில் படுவது போன்ற ஒளி கிடைத்தது. அப்படி எடுக்க வேண்டிய இடத்தில் தாலோ நீலத்தைத் தவிர்ப்பது நல்லது. அது தாளில் கறையாக ஊறிவிடும்.

எதிர்பாராமல் கைகொடுத்தது உப்பு. ஈரத்தின் மினுமினுப்பு அடங்கும் தறுவாயில் தூவிய கல்லுப்பு, சுற்றிலுமுள்ள நீரை உறிஞ்சி நட்சத்திர வடிவில் வெளிறிய புள்ளிகளை விட்டுச்சென்றது; தொலைவுப் பூக்களாக அவையே போதுமென்பதால், வண்ணம் படாமல் தாளை மறைத்துவைக்கும் மாஸ்கிங் திரவத்தைத் திறக்கவேயில்லை. தாள் சொதசொதவென்று இருக்கும்போது தூவினால் உப்பு கரைந்துவிடும், வடிவம் நிற்காது. முழுதும் காய்ந்தபின் உலர்ந்த தூரிகையால் உப்பைத் தட்டி உதிர்த்துவிட வேண்டும்.