ஆப்கன் மொழிபெயர்ப்பாளர்களுக்கும் ஒப்பந்தப் பணியாளர்களுக்கும் விசா மறுப்பு: நேரில் கண்டவர்கள் எழுதுங்கள்

வர்ஜீனியாவாசி:

எங்கள் குடியிருப்பின் கீழ்த்தளத்தில் ஓர் ஆப்கன் குடும்பம் இருக்கிறது. அண்ணன், அமெரிக்கர்களுக்காக வேலை செய்த ஆப்கானியருக்கு அமெரிக்கா தரும் எஸ்.ஐ.வி. எனப்படும் சிறப்புக் குடியேற்ற விசாவில் பல ஆண்டுகளுக்கு முன்பே இங்கு வந்துவிட்டார். தம்பி ஹெல்மண்ட் மாகாணத்தில் அமெரிக்க மரைன் படையினருடன் மொழிபெயர்ப்பாளராக இருந்தவர். இன்னும் காபூலில் வீடு மாறி வீடு மாறி ஒளிந்து வாழ்கிறார். தம்பிக்கு மின்னஞ்சலில் வந்த மறுப்புக் கடிதத்தை அச்செடுத்துக்கொண்டு ஒரு மாலை அண்ணன் எங்கள் வீட்டுக் கதவைத் தட்டினார். அவருக்கு என்னைவிட நன்றாக ஆங்கிலம் வரும். ஆகவே படிக்கத் தெரியாமல் அவர் வரவில்லை. தான் படித்தது சரிதானா என்பதை இன்னொருவர் வாயால் கேட்க வந்திருந்தார்.

"விசுவாசமும் மதிப்பும் மிக்க பணி" ஆற்றியதாக நிறுவப்படவில்லை என்று கடிதம் சொன்னது. காரணம் எனக்கு அதன் பிறகே புரிந்தது. முகாமில் மொழிபெயர்ப்பாளர்களுக்கு அவ்வப்போது பொய்யறியும் கருவிச் சோதனை நடக்கும். அப்படி ஒரு சோதனையின் முடிவு சரியில்லை என்று சொல்லி, அவரை வேலைக்கு அமர்த்திய ஒப்பந்த நிறுவனம் அன்றே அவரை வீட்டுக்கு அனுப்பிவிட்டது. எந்தக் கேள்விக்கு எந்தப் பதில் தவறாகப் பதிவானது என்று அவருக்கு ஒருவரும் சொல்லவில்லை.

பிறகு அண்ணன் ஓர் உறையைப் பிரித்து, தம்பி அனுப்பிய பாராட்டுச் சான்றிதழ்களின் நகல்களை எங்கள் சாப்பாட்டு மேசையில் ஒவ்வொன்றாக அடுக்கினார். கடைசித் தாளின் கீழே இருந்த தேதியை விரலால் தொட்டுக் காட்டினார். பணிநீக்கத்துக்குச் சரியாக ஒரு வாரம் முன்பு, படைப்பிரிவின் கேப்டன் ஒருவர், "இவர் இல்லையென்றால் என் வீரர்களில் சிலர் உயிரோடு திரும்பியிருக்க மாட்டார்கள்" என்று எழுதிக் கையொப்பமிட்டிருந்தார். ஒரு வாரத்துக்கு முன்பு உயிர் காத்தவராக இருந்தவர் ஒரு வாரத்துக்குப் பிறகு விசுவாசமற்றவராக எப்படி மாறினார் என்று அவர் என்னைக் கேட்டார். அந்தக் கேள்வி இன்னும் என்னை விட்டுப் போகவில்லை. இதுபோன்றவர்களைச் சந்தித்தவர்கள் இருந்தால் எழுதுங்கள்.

நாகைக்காரன்:

சகோதரி எழுதியிருப்பது மொழிபெயர்ப்பாளரைப் பற்றி. அவர்களைப் பற்றியாவது செய்தித்தாள்கள் எழுதின. கிடங்கிலும் சமையற்கூடத்திலும் லாரியிலும் வேலை செய்த ஆப்கானியர்களைப் பற்றி யாரும் பேசுவதில்லை என்பதால் எழுதுகிறேன்.

நான் காந்தஹார் விமானத் தளத்தில் ஓர் ஒப்பந்த நிறுவனத்தின் பண்டகசாலையில் இருந்தவன். நம் ஊர்க்காரர்கள், கேரளத்தவர், நேபாளியர், பிலிப்பைன்ஸ்காரர்கள் என்று அங்கே பல நாட்டவர் இருந்தோம். எங்களுக்குச் சம்பளம் வங்கிக் கணக்கில் வந்தது. எங்களோடு ஃபோர்க்லிஃப்ட் ஓட்டிய ஆப்கானியருக்கு அப்படி இல்லை. படையிடம் ஒப்பந்தம் பெற்ற நிறுவனம் ஒன்று. அதனிடம் துணை ஒப்பந்தம் எடுத்தது இன்னொன்று. அதற்கும் கீழே ஆள் அனுப்பும் உள்ளூர் ஒப்பந்தக்காரர். அவர் மாதக் கடைசியில் வாயிலுக்கு வெளியே நின்று பணத்தை எண்ணிக் கையில் கொடுப்பார். சம்பளச் சீட்டும் கிடையாது, நியமனக் கடிதமும் கிடையாது.

அந்த ஃபோர்க்லிஃப்ட் ஓட்டியவரிடம் இருந்த ஒரே ஆதாரம் கழுத்தில் தொங்கிய அடையாள அட்டைதான். வேலை முடிந்து போகும் நாளில் அதையும் வாயிற்காவலில் ஒப்படைத்துவிட வேண்டும். தளத்துக்குள் கைப்பேசி கொண்டுவர உள்ளூர்க்காரர்களுக்கு அனுமதி இல்லாததால் அந்த அட்டையின் படம்கூட அவரிடம் இல்லை. கடைசி நாளன்று அந்த அட்டையைப் பெட்டிக்குள் போடுவதற்கு முன்பு அவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அதில் இருந்த எண்ணைத் தன் உள்ளங்கையில் பேனாவால் எழுதிக்கொண்டார். ராக்கெட் அபாயச் சங்கு ஒலிக்கும்போதெல்லாம் பதுங்குமிடத்துக்கு என்னை இழுத்துக்கொண்டு ஓடியவர் அவர்.

2021 ஆகஸ்ட் 15-ஆம் தேதி காபூல் வீழ்ந்த பிறகு என்னைத் தேடிப் பிடித்துச் சான்றுக் கடிதம் கேட்டார். ஒரு பக்கத்துக்கு எழுதிக் கையொப்பமிட்டு அனுப்பினேன். பரிந்துரை அமெரிக்கக் குடிமகனான மேற்பார்வையாளரிடமிருந்து வர வேண்டும், அல்லது அப்படி ஒருவர் உடன் கையொப்பமிட வேண்டும் என்பதால் என் கடிதம் கணக்கில் வரவில்லை. ஆவணங்கள் போதவில்லை என்று மறுத்துவிட்டார்கள். அவர் அருகில் நின்று தினமும் வேலை பார்த்தவன் நான். அவர் வேலை செய்தார் என்று சொல்ல எனக்குத் தகுதி இல்லையென்றால் வேறு யாருக்கு இருக்கிறது?

கோவை வாசகர்:

இருவர் எழுதியதும் மனத்தை வருத்துகிறது. ஆனாலும் மறுபக்கத்தையும் எழுத வேண்டும் என்று நினைக்கிறேன். நான் தில்லியில் வேலை பார்த்த காலத்தில் லாஜ்பத் நகரில் ஆப்கானியர் நடத்தும் ரொட்டிக் கடையின் மாடியில் குடியிருந்தேன். பக்கத்து நகலெடுக்கும் கடையில் ஒருநாள் ஓர் இளைஞர் மூன்று பரிந்துரைக் கடிதங்களை நகலெடுத்துக்கொண்டிருந்தார். மூன்றிலும் வாசகம் ஒன்றே, கையொப்பமும் ஒன்றே. ஆனால் பெயர்கள் வேறு. ஒவ்வொன்றுக்கும் யாரோ பணம் கொடுத்திருக்கிறார்கள் என்பது தெளிவாகத் தெரிந்தது. கடைக்காரர் என்னைப் பார்த்துவிட்டுத் தாள்களைக் கவிழ்த்து வைத்தார்.

இப்படிப்பட்ட கடிதங்கள் சுற்றும்போது ஓர் அரசு கண்ணை மூடிக்கொண்டு முத்திரை குத்த முடியுமா? 2025 நவம்பர் 26 அன்று வாஷிங்டனில் தேசியக் காவல்படையினர் இருவர் சுடப்பட்டு அவர்களில் ஒருவர் உயிரிழந்தார். சுட்டதாகக் குற்றம் சாட்டப்பட்டவர், அமெரிக்க உளவு அமைப்பின் ஆதரவோடு இயங்கிய ஆப்கன் படைப்பிரிவில் இருந்தவர். சோதனை கடுமையாக இருப்பதைக் குறை சொல்லக் கூடாது என்பது என் கருத்து.

ஹூஸ்டன் எழுத்தர்:

கோவை நண்பருக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். போலிக் கடிதம் இருந்தது உண்மை. ஆனால் நாகை அண்ணனின் நண்பர் போலிக் கடிதம் கொடுத்து மறுக்கப்படவில்லை. உண்மையான கடிதம் கொடுக்க வழியில்லாமல் மறுக்கப்பட்டார். இரண்டையும் ஒரே தட்டில் வைக்காதீர்கள். வாஷிங்டனில் சுட்டதாகக் குற்றம் சாட்டப்பட்டவர் என்று நீங்கள் சொல்பவர் ஆவணம் இல்லாதவரும் அல்லர். அவருக்கு அமெரிக்காவிலேயே 2025 ஏப்ரலில் புகலிடம் வழங்கப்பட்டிருந்தது. அவர் ஒருவர் செய்ததாகச் சொல்லப்படுவதற்கு, இரண்டே நாளில் ஆப்கன் கடவுச்சீட்டு வைத்திருக்கும் எல்லோருக்கும் விசா வழங்குவது நிறுத்தப்பட்டது. அந்த வாரம் இஸ்லாமாபாத்தில் நேர்காணலுக்குக் காத்திருந்த ஒருவர், தம் பிள்ளைகளின் மருத்துவப் பரிசோதனைச் சான்று காலாவதியாகிவிடுமே என்று எங்கள் அலுவலகத்துக்குத் தொலைபேசியில் பேசினார். பின்னணியில் குழந்தை ஒன்று இடைவிடாமல் இருமிக்கொண்டிருந்தது. என் அனுபவம் அவ்வளவுதான். குடியேற்ற வழக்கறிஞர் ஒருவரிடம் எழுத்தராக வேலை செய்பவன் நான். ஆகவே கதையைவிட உபயோகமானது என்று எனக்குத் தோன்றுவதை எழுதுகிறேன்.

மறுப்பு வந்துவிட்டால், கடிதம் கிடைத்ததிலிருந்து 120 நாளுக்குள் மேல்முறையீடு செய்ய வேண்டும். ஒருமுறைதான் வாய்ப்பு. ஆகவே ஆத்திரத்தில் அன்றிரவே நான்கு வரி எழுதி அனுப்பிவிடாதீர்கள். கைக்குக் கிடைக்கும் எல்லாவற்றையும் சேர்த்த பிறகு அனுப்புங்கள். மறுப்புக்கான காரணத்தையும் அதற்கு ஆதாரமான விவரங்களையும் இயன்ற அளவு எழுத்தில் தர வேண்டும் என்று சட்டமே சொல்கிறது. காரணம் தெளிவில்லையென்றால் அதைக் குறிப்பிட்டே மேல்முறையீட்டைத் தொடங்கலாம்.

பணிக்காலம் போதவில்லை என்று மறுத்திருந்தால் எந்த ஆண்டு விதிப்படி கணக்கிட்டார்கள் என்று பாருங்கள். 2009-ஆம் ஆண்டுச் சட்டத்தில் ஓராண்டுப் பணி போதும் என்றிருந்தது. 2015 செப்டம்பர் 30-க்குப் பிறகு விண்ணப்பித்தவர்களுக்கு அது இரண்டாண்டாக உயர்ந்தது. 2021 ஜூலைச் சட்டம் மறுபடியும் ஓராண்டாகக் குறைத்தது. இரண்டு நிறுவனங்களில் பிரித்துப் பிரித்து வேலை செய்திருந்தால் எல்லாவற்றையும் கூட்டிக் காட்டுங்கள்.

நிறுவனம் மூடப்பட்டுவிட்டது, மனிதவளத் துறைக் கடிதம் கிடைக்காது என்பவர்கள் ஒப்பந்த எண்ணைத் தேடுங்கள். ராணுவ ஒப்பந்த எண்கள் பலவும் டபிள்யூ 91 என்று தொடங்கும். பழைய வருகைப் பதிவேடு, சரக்கு ரசீது, பயிற்சிச் சான்றிதழ் ஆகியவற்றின் மூலையில் அது அச்சாகியிருக்கும். அந்த எண் இருந்தால், அந்த ஒப்பந்தம் இருந்தது என்பதையாவது பாதுகாப்புத் துறையின் பதிவுகளில் சரிபார்க்கக் கேட்கலாம். மேற்பார்வையாளரின் பெயர் மட்டும் தெரிந்தால் லிங்க்டுஇன்னில் தேடுங்கள். ஓய்வுபெற்ற படைவீரர்களில் பலர் இந்தக் கடிதத்தை எழுதித் தருவதைத் தம் கடமையாகவே கருதுகிறார்கள்.

இன்னொன்றையும் கவனியுங்கள். அமெரிக்க அரசிடம் நேரடியாகவோ அதன் ஒப்பந்தத்தின் கீழோ வேலை செய்தவருக்கே இந்த விசா. மானிய நிதியில் நடந்த திட்டங்களில் இருந்தவர்களுக்கு இல்லை. அமெரிக்கப் பணத்தில் பள்ளிக்கூடம் கட்டிய பொறியாளர்கள் இந்த ஒரு வேறுபாட்டால் மறுக்கப்பட்டிருக்கிறார்கள். அவர்களுக்கு 2021 ஆகஸ்டில் அறிவிக்கப்பட்ட பி-2 என்ற அகதி வழி இருந்தது. அதுவும் 2025 ஜனவரியில் அகதிகள் அனுமதியே நிறுத்தப்பட்டதோடு நின்றது. புதிதாக எஸ்.ஐ.வி. விண்ணப்பம் தருவதற்குச் சட்டம் வைத்த கடைசி நாள் 2025 டிசம்பர் 31. ஆகவே ஏற்கெனவே விண்ணப்பித்தவர்கள் தங்கள் வழக்கு எண்ணைக் கைவிடவே கூடாது.

வர்ஜீனியா அம்மாவின் பக்கத்து வீட்டுக்காரருக்கு: பொய்யறியும் கருவியின் முடிவால் வேலை போனவர்களுக்கு மறுப்பு வருவது வழக்கமாகிவிட்டது. அந்தக் கேப்டனைத் தேடிப் பிடித்து, பணிநீக்கத்துக்குப் பிறகும் தம் கருத்து மாறவில்லை என்று புதிதாக எழுதி வாங்கச் சொல்லுங்கள். பழைய சான்றிதழ் மட்டும் போதாது.

வர்ஜீனியாவாசி:

தம்பி, நீங்கள் எழுதியதை அப்படியே அவரிடம் சொன்னேன். கேப்டனை அவர் ஏற்கெனவே தேடிவிட்டார். அந்த மனிதர் பின்னாளில் இறந்துபோனார் என்று அவருடைய படைப்பிரிவைச் சேர்ந்த ஒருவர் பதில் எழுதியிருக்கிறார். அவருக்குக் கீழே இருந்த சார்ஜென்ட் ஒருவரைத் தேடுகிறார்கள்.

ஹாரோவிலிருந்து:

அமெரிக்காவைப் பற்றியே எல்லோரும் எழுதுவதால் பிரிட்டனைப் பற்றியும் சொல்கிறேன். இங்கே இப்படிப்பட்டவர்களுக்கான திட்டத்தின் பெயர் ஏ.ஆர்.ஏ.பி.; 2021 ஏப்ரலில் தொடங்கி 2025 ஜூலை 1-ஆம் தேதி புதிய விண்ணப்பங்களுக்கு மூடப்பட்டது. பிரிட்டிஷ் சிறப்புப் படைகள் பயிற்சி கொடுத்து, கூடவே அழைத்துச் சென்ற 333, 444 என்ற ஆப்கன் கமாண்டோப் பிரிவுகளைச் சேர்ந்தவர்களுக்குக் கூட்டம் கூட்டமாக மறுப்பு வந்தது. 2024 பிப்ரவரியில் ஏறத்தாழ 2,000 மறுப்புகளை மறுபடி பரிசீலிப்பதாக அரசே அறிவித்தது. அவர்களில் சிலருக்குப் பிரிட்டிஷ் அரசே பணம் கொடுத்ததற்கான பதிவுகள் பிறகு கிடைத்தன. பதிவுகள் அரசின் கையிலேயே இருந்தபோது, ஒளிந்து வாழ்பவரிடம் ஆதாரம் கேட்டது எந்த வகை நியாயம்? கோவை நண்பர் இதற்கு என்ன சொல்வார் என்று அறிய விரும்புகிறேன்.

நான் கண்டது இது. ஆப்கன் குடும்பங்களைத் தங்கவைத்திருந்த விடுதி ஒன்றில் எங்கள் கோயில் சார்பில் சனிக்கிழமை தோறும் சாப்பாடு கொண்டுபோய்க் கொடுப்போம். அங்கே எனக்குப் பழக்கமான ஒருவரின் மைத்துனர் அந்தக் கமாண்டோப் பிரிவில் இருந்தவர், மறுக்கப்பட்டவர். 2025 ஜூலையில் அந்த மைத்துனருக்கு ஒரு மின்னஞ்சல் வந்தது. 2022 பிப்ரவரியில் ஏறத்தாழ 18,700 விண்ணப்பதாரர்களின் விவரங்கள் அடங்கிய பட்டியல் தவறுதலாக வெளியே போய்விட்டது, உங்கள் விவரமும் அதில் இருந்திருக்கலாம், பாதுகாப்பாக இருந்துகொள்ளுங்கள் என்று அதில் எழுதியிருந்தது. நீதிமன்றத் தடையால் அதுவரை யாரும் வெளியே சொல்ல முடியாமல் இருந்த செய்தி அது. விடுதியில் தங்கியிருந்த அந்தப் பழக்கக்காரர் மைத்துனரின் மின்னஞ்சலை என்னிடம் காட்டிவிட்டு, "விசா கேட்டபோது இவர் யாரென்றே தெரியாது என்றார்கள், இப்போது இவர் பெயர் பட்டியலில் இருக்கிறது என்கிறார்கள்" என்றார். கையில் நான் கொடுத்த சோற்றுப் பொட்டலம் இருந்தது. அதைப் பிரிக்காமலேயே அறைக்குப் போய்விட்டார்.

ஸ்கார்பரோ அக்கா:

கனடாவும் விலக்கல்ல. காந்தஹாரில் கனடியப் படையோடு நின்ற மொழிபெயர்ப்பாளருக்காக 2009-இல் ஒரு திட்டம் கொண்டுவந்தார்கள். 2007 அக்டோபருக்கும் 2011 ஜூலைக்கும் இடையில் பன்னிரண்டு மாதம் வேலை செய்திருக்க வேண்டும் என்பது விதி. 2006-இல் காந்தஹார் மாகாணத்தின் பஞ்ச்வாய் பகுதியில் சண்டைகள் மிகக் கடுமையாக நடந்தபோது படையோடு நின்றுவிட்டு அதன் பிறகு விலகியவர்கள் இந்தக் கணக்குக்குள் வரவில்லை. எங்கள் குடியேற்றச் சேவை நிலையத்துக்கு ஒரு பெண் தன் தகப்பனின் கோப்போடு வந்திருந்தாள். காலில் குண்டுச் சிதறல் பாய்ந்த மருத்துவக் குறிப்பில் 2006 செப்டெம்பர் என்று இருந்தது. அந்தத் தேதியை நான் வாசித்தபோது அவள் என் முகத்தைப் பார்க்கவில்லை.

கோவைத் தம்பி, சோதனை வேண்டாம் என்று இங்கே ஒருவரும் சொல்லவில்லை. அந்தத் தகப்பனைச் சோதிக்கவே இல்லை. நாட்காட்டியைப் பார்த்துவிட்டு மறுத்தார்கள்.

கோவை வாசகர்:

அக்கா சொல்வதை ஏற்கிறேன். விதி வேறு, சோதனை வேறு என்பதைப் பிரித்துப் பார்க்க வேண்டியதுதான். போலிக் கடிதங்களைப் பற்றி நான் எழுதியதில் மாற்றமில்லை. அவற்றால் முதலில் பாதிக்கப்படுபவர்கள் நாகைக்காரரின் நண்பரைப் போன்றவர்கள்தான்.

நாகைக்காரன்:

ஹூஸ்டன் தம்பி, டபிள்யூ 91 பற்றி நீங்கள் எழுதியதைப் பார்த்துவிட்டு எங்கள் பழைய முகாம் நண்பர்களின் வாட்ஸப் குழுவில் கேட்டேன். பண்டகசாலையில் பாலக்காட்டுக்காரர் ஒருவர் சரக்கு இறக்கும் ரசீதுகளைப் படம் எடுத்து வைத்திருக்கிறார். எண் தெளிவாகத் தெரிகிறது. இறக்கியவர் என்ற இடத்தில் நம் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டியவரின் கையொப்பம் பாஷ்தோவில் இருக்கிறது. அமெரிக்க மேற்பார்வையாளரின் பெயர் முழுதாக இல்லை, சுருக்கொப்பம் மட்டும் இருக்கிறது. மறுப்பு வந்து 120 நாள் எப்போதோ கடந்துவிட்டது. இப்படிப்பட்ட நிலையில் வழக்கை மீண்டும் திறக்கச் சொல்லிக் கேட்க வழி இருக்கிறதா? உங்கள் வழக்கறிஞரிடம் கேட்டுச் சொல்ல முடியுமா? ஃபோர்க்லிஃப்ட் ஓட்டிய நண்பர் இப்போது குவெட்டாவில் இருக்கிறார். 2023 முதல் பாகிஸ்தான் ஆவணமற்ற ஆப்கானியரைத் திருப்பி அனுப்பிக்கொண்டிருப்பதால் அங்கேயும் எத்தனை நாள் தாக்குப்பிடிப்பார் என்று தெரியவில்லை.

ஹூஸ்டன் எழுத்தர்:

ரசீதுகளை அப்படியே வைத்திருங்கள் அண்ணா. படத்தை வெட்டவோ திருத்தவோ வேண்டாம். எடுத்த தேதி கோப்பிலேயே பதிவாகியிருக்கும், அதுவும் ஆதாரம். திங்கட்கிழமை வழக்கறிஞரிடம் பேசிவிட்டு எழுதுகிறேன். அதற்குள் அந்தச் சுருக்கொப்பம் யாருடையது என்று குழுவில் கேட்டு வையுங்கள்.